22.4ஐ விடுங்க, நம்ம ஊரு சூட்டுல கணக்கு போடச் சொல்லுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்க பேப்பர்ல மாணவர் பக்கத்துல ப்ளஸ் ஒன் கெமிஸ்ட்ரிக்கு மாதிரி கணக்குன்னு ஒண்ணு வந்திருந்துச்சு. 10 கிராம் கால்சியம் கார்பனேட்டை முழுசா சிதையுற வரைக்கும் சூடாக்கினா, 27 டிகிரி செல்சியஸ்ல ஒரு அட்மாஸ்பியர் அழுத்தத்துல எத்தனை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும்னு கேள்வி, கீழ விடை 2.24 லிட்டர்னு போட்டிருக்கு. அது தப்புங்க. 2.46 லிட்டர்னு வரணும். கால்சியம் கார்பனேட்டோட மோலார் நிறை 100, அதாவது துகள்களை எண்ணுற அலகான மோல் ஒண்ணுக்கு 100 கிராம், அதனால 10 கிராம்னா 0.1 மோல், அதுவரைக்கும் சரியாத்தான் போட்டிருக்காங்க, அதுக்கப்புறம் கண்ணை மூடிட்டு 22.4ஆல பெருக்கிட்டாங்க. 22.4ங்கிறது சைபர் டிகிரியில ஒரு அட்மாஸ்பியர் அழுத்தத்துல ஒரு மோல் வாயு எத்தனை லிட்டர் இடம் பிடிக்கும்ங்கிற கணக்கு, கேள்வியில இருக்கிறது 27 டிகிரி.

ஒரு விடை தப்பாப் போச்சுன்னு மட்டும் நான் இவ்வளவு பெரிய லெட்டர் எழுதல. தக்கலை பக்கம் வீட்டுல வச்சு ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கேன், மார்த்தாண்டத்துல இருந்தும் திங்கள்நகர்ல இருந்தும் பிள்ளைங்க வராங்க, எந்த ஸ்கூல் பிள்ளையைக் கேட்டாலும் இதே பழக்கம்தான், வாயுன்னு ஒரு வார்த்தையைப் பாத்தா உடனே கை 22.4ன்னு எழுதிடுது. டெம்பரேச்சர் என்ன கொடுத்திருக்கு, அழுத்தம் என்ன கொடுத்திருக்குன்னு பாக்கிறதே கிடையாது. இன்னும் மோசம், ஒரு மோல் தண்ணியோட கன அளவு என்னன்னு கேட்டா அதுக்கும் 22.4 லிட்டர்னு எழுதுறாங்க, ஒரு மோல் தண்ணி 18 கிராம், 18 மில்லி, ரெண்டு மூணு ஸ்பூன்ல அடங்கிப் போயிடும், அது 22 லிட்டர் எப்படி ஆகும்னு ஒரு பிள்ளையாவது யோசிக்கணுமே, யோசிக்காது, ஏன்னா அந்த நம்பரை நாம மந்திரம் மாதிரி சொல்லிக் கொடுத்துட்டோம்.

நல்லியல்பு வாயுன்னா மூலக்கூறுக்கு இடமும் ஈர்ப்பும் இல்லைன்னு வச்சுக்கிட்ட வாயு, அதோட சமன்பாடுன்னு பாடபுத்தகத்துல இருக்கிறது ஒரே வரி, பிவி = என்ஆர்டி. பி அழுத்தம், வி கன அளவு, என் மோல் எண்ணிக்கை, டி கெல்வின்ல உள்ள வெப்பநிலை, ஆர் ஒரு மாறிலி. இந்த ஒரு வரிக்குள்ளதான் 1662ல பாயில் சொன்னது, சார்லஸ் கண்டுபிடிச்சு அப்புறம் 1802ல கே லூசாக் வெளியிட்டது, 1811ல அவகாட்ரோ சொன்னது எல்லாம் அடக்கம், 1834ல கிளாபிரான் இதையெல்லாம் சேர்த்து ஒண்ணாக்கினார். பிள்ளைங்க இதை நாலு பேர் நாலு விதின்னு தனித்தனியா மனப்பாடம் பண்ணி எந்தக் கணக்குக்கு எந்த விதின்னு முழிக்காங்க. எனக்குத் தெரிஞ்சு அந்த ஒரு வரி மட்டும் உருப்படியா தெரிஞ்சா போதும், மத்ததெல்லாம் அதுல இருந்து தானா வந்துடும். டெம்பரேச்சரும் மோலும் மாறலன்னா பிவி மாறாது, அதுதான் பாயில், முடிஞ்சு போச்சு.

22.4ம் அந்த வரியில இருந்து வர்ற ஒரு விடைதான். டி இடத்துல 273, அதாவது சைபர் டிகிரி போட்டு, பி இடத்துல 1 அட்மாஸ்பியர் போட்டு, ஆரோட மதிப்பு 0.0821ஆல பெருக்கினா 22.4 வரும். அதே இடத்துல 303 போட்டுப் பாருங்க, அதாவது 30 டிகிரி, 24.9 லிட்டர் வரும். இனி நீங்களே சொல்லுங்க, கன்னியாகுமரி மாவட்டத்துல என்னைக்கு சைபர் டிகிரி வந்திருக்கு? மார்கழி மாசம் விடியக்காலையில பேச்சிப்பாறை பக்கம் போனாக்கூட ஒரு சொட்டர் போட்டா தாங்குற குளிர்தான், வாளித் தண்ணி ஐஸ் ஆகிற ஊரா இது. நம்ம பிள்ளைங்க மூச்சு விடுற காத்து, லேப்ல பிடிக்கிற வாயு, எல்லாம் மோலுக்கு சுமார் 25 லிட்டர். வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணி கேனை விடக் கொஞ்சம் பெருசுன்னு மனசுல வச்சுக்கச் சொல்லுவேன், அது மனசுல இருந்தா விடை எங்க வழிதவறிப் போச்சுன்னு பிள்ளைக்கே தெரிஞ்சிடும்.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். மெக்னீசியம் ரிப்பனை ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல போட்டு வர்ற ஹைட்ரஜனை தண்ணிக்கு மேல பிடிச்சு அளக்கிற சோதனை இருக்கு, செலவும் இல்ல, கொஞ்சம் கவனம் மட்டும் வேணும். ரிப்பனை ஒரு மீட்டர் நீளத்துக்கு எடை போட்டுட்டு அதுல இருந்து நீளக் கணக்குல சின்னத் துண்டா வெட்டிக்கிட்டா, சாதா தராசுலயே 0.0486 கிராம் வரைக்கும் கிட்டத்தட்ட கொண்டு வந்துடலாம். 0.0486 கிராம்னா 0.002 மோல், அது 0.002 மோல் ஹைட்ரஜன் தரும். அளவுக்குழாயை தண்ணியில கவுத்து வச்சு, குமிழ் குமிழா வாயு ஏறி முடிஞ்சப்புறம் செத்த நேரம் ஆற விட்டு, குழாயை மேலயும் கீழயும் நகர்த்தி உள்ள இருக்கிற தண்ணி மட்டமும் வெளிய இருக்கிற மட்டமும் ஒண்ணா வர்றப்ப ரீடிங் எடுக்கணும், அப்பத்தான் உள்ள அழுத்தமும் வெளி அழுத்தமும் ஒண்ணு. 30 டிகிரி இருக்கிற நாள்ல கவனமா பண்ணின பிள்ளைக்கு 52 மில்லிக்குப் பக்கத்துல வரும்.

அந்தப் பிள்ளை போய் 22.4 வச்சு கணக்கு போட்டா 44.8 மில்லின்னு வருது. ஏழு மில்லி வித்தியாசம். அப்ப அது என்ன பண்ணும்? நாமதான் எங்கயோ சொதப்பிட்டோம்னு நினைச்சு ரெக்கார்ட் நோட்டுல 52ஐ அழிச்சிட்டு 45ன்னு எழுதிடும், பக்கத்துல இருக்கிறவனும் அதைப் பாத்து 45, வகுப்பு முழுக்க 45. எனக்கு வயிறு எரியுறது இதுக்குத்தான். அந்த 52 சரியான ரீடிங். சமன்பாட்டை ஒழுங்கா போட்டா 0.002ஐ 0.0821ஆலயும் 303ஆலயும் பெருக்கி 49.8 மில்லி உலர்ந்த ஹைட்ரஜன் வருது, தண்ணிக்கு மேல பிடிச்சதால குழாய்க்குள்ள நீராவியும் கலந்திருக்கு, 30 டிகிரியில தண்ணியோட ஆவி அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் மெர்குரி, ஒரு அட்மாஸ்பியர்ங்கிறது 760, அதுல இதைக் கழிச்சா ஹைட்ரஜனோட பங்கு 728, அதை வச்சுப் போட்டா 51.9. பிள்ளை கண்ணால பாத்த 52 வந்தாச்சு! கண்ணால பாத்ததையும் கணக்குல வந்ததையும் ஒண்ணா சேர்த்து வைக்கிற சந்தோஷத்தை அந்தப் பிள்ளைக்கு கொடுக்கிறதை விட்டுட்டு, உண்மையை அழிச்சு பொய்யை எழுதப் பழக்கி விடுறோம், அதுவும் சயின்ஸ் லேப்ல வச்சு. ஒரு டியூஷன் டீச்சருக்கு இதுக்கு மேல என்ன வேதனை வேணும்.

அடுத்தது கெல்வின். செல்சியஸ்ல கொடுத்ததை 273 கூட்டாம அப்படியே டி இடத்துல போடுறது பாதிப் பிள்ளைங்களுக்கு வழக்கம். ஏன் கூட்டணும்னு கேட்டா புக்ல அப்படித்தான் இருக்குன்னு பதில். இதுக்கு நான் டயர் கணக்கு போடச் சொல்லுவேன். காலையில வண்டி எடுக்கும்போது டயர் 25 டிகிரி, காத்து 32 பிஎஸ்ஐ அடிச்சிருக்கு. நாகர்கோவில்ல இருந்து களியக்காவிளை வரைக்கும் வெயில்ல ஓட்டி டயர் உள்காத்து 50 டிகிரி ஆகுதுன்னு வச்சுக்குவோம். செல்சியஸ்லயே கணக்கு போட்டா டெம்பரேச்சர் ரெண்டு மடங்கு, அழுத்தமும் ரெண்டு மடங்கு, 64 பிஎஸ்ஐ, தினமும் ரோட்டுல எத்தனை டயர் வெடிக்கணும்! நிசத்துல 298 கெல்வின்ல இருந்து 323 கெல்வினுக்குத்தான் போயிருக்கு, எட்டு சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. இன்னொண்ணும் இருக்கு, மீட்டர்ல காட்டுற 32 வெளிக்காத்தோட அழுத்தத்துக்கு மேல எவ்வளவுன்னுதான் காட்டும், சமன்பாட்டுல போட அந்த 14.7ஐயும் கூட்டி 46.7ன்னு எடுக்கணும், அது 50.6 ஆகும், திரும்ப 14.7ஐக் கழிச்சா மீட்டர் 36 காட்டும். பஞ்சர் கடை அண்ணன்மாரு, டயர் சூடாகிறதுக்கு முன்னாடி காலையிலயே காத்து பாத்துரணும்னு சொல்லுவாங்க இல்லையா, அவங்க சொல்லுறதுக்கு கணக்கு இதுதான். மீட்டர் அழுத்தத்துக்கும் முழு அழுத்தத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை ப்ளஸ் ஒன் பிள்ளைங்ககிட்ட யாரும் அழுத்திச் சொல்லுறது இல்ல, இஞ்சினியரிங் போன பிறகும் நிறைய பேர் இதுல தடுமாறுறதைப் பாத்திருக்கேன்.

ஆர் மதிப்புலயும் குழப்பம். அழுத்தம் அட்மாஸ்பியர், கன அளவு லிட்டர்னா 0.0821, பார்ல இருந்தா 0.0831, பாஸ்கலும் கன மீட்டரும்னா 8.314. பிள்ளைங்க 8.314ஐத்தான் ஃபிசிக்ஸ்லயும் பாக்குறதால அதையே எல்லா இடத்துலயும் போட்டு, ஒரு மோல் ஆக்சிஜன் 300 கெல்வின்ல 2494 லிட்டர்னு விடை எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுறாங்க. 32 கிராம் ஆக்சிஜன் நூத்தி இருபத்தஞ்சு தண்ணி கேனை நிரப்புமா மக்களேன்னு கேட்டா அப்பத்தான் முகத்துல ஒரு மாற்றம் தெரியும். அலகு எழுதாம கணக்கு போடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிறது இதுக்காகத்தான்.

இது பரீட்சைக்கு மட்டும் உள்ள பாடம்னு நினைக்கிற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை சொல்லணும். 2021 கொரோனா நேரத்துல எத்தனை வீட்டுல ஆக்சிஜன் சிலிண்டரை வச்சுக்கிட்டு இது எவ்வளவு நேரம் ஓடும்னு தெரியாம பதறினாங்க. டி டைப்னு சொல்லுற பெரிய சிலிண்டர்ல உள் கொள்ளளவு சுமார் 46.7 லிட்டர், அழுத்தம் சுமார் 150 பார், ஒரு பார் கிட்டத்தட்ட ஒரு அட்மாஸ்பியர், ரெண்டையும் பெருக்கினா வெளிக்காத்து அழுத்தத்துல கிட்டத்தட்ட 7000 லிட்டர், நிமிஷத்துக்கு 5 லிட்டர் வச்சா 1400 நிமிஷம், 23 மணி நேரத்துக்கு மேல. மீட்டர்ல முள்ளு 75க்கு இறங்கினா பாதி தீந்துச்சுன்னு அர்த்தம். அவ்வளவு அழுத்தத்துல ஆக்சிஜன் முழுக்க நல்லியல்பு வாயுவா நடந்துக்காது, கொஞ்சம் மாறும், ஆனா அந்த நேரத்துல வீட்டுல உள்ளவங்களுக்கு ஒரு மதிப்பீடு கிடைக்க இது தாராளம். பாயில் விதி படிச்ச ஒரு பிள்ளை வீட்டுல இருந்தா இதைச் சொல்லியிருக்க முடியும்.

அதே கணக்கை அடுப்படியில இருக்கிற காஸ் சிலிண்டர்ல போட்டா தப்பு, அது ஏன் தப்புன்னு தெரியுறதும் பாடம்தான். 14.2 கிலோ எல்பிஜி உள்ள திரவமாத்தான் இருக்கு, மேல கொஞ்சம் ஆவி. எரிய எரிய திரவம் ஆவியாகி இடத்தை நிரப்பிக்கிட்டே இருக்கிறதால பாதி தீந்தாலும் அழுத்தம் பாதியாகாது, திரவம் இருக்கிற வரைக்கும் டெம்பரேச்சருக்கு ஏத்த மாதிரி அழுத்தம் அப்படியே நிக்கும், கடைசிலதான் திடீர்னு இறங்கும், அதான் நம்ம வீட்டுல எல்லாம் குழம்பு பாதியில கொதிக்கும்போது காஸ் தீந்து போறது. எடை போட்டுப் பாத்தாத்தான் எவ்வளவு மிச்சம்னு தெரியும். ஆனா வெளிய லீக் ஆயிடுச்சுன்னா அப்ப அது வாயு, அப்ப நம்ம சமன்பாடு வேலை செய்யும். மொத்தமும் பியூட்டேன்னே வச்சுக்கிட்டா மோலார் நிறை 58, 14200ஐ 58ஆல வகுத்தா 245 மோல், மோலுக்கு 24.9 லிட்டர்னா 6000 லிட்டருக்கு மேல வாயு, ஒரு சிலிண்டர்ல இருந்து! காத்தோட சராசரி மோலார் நிறை 29, பியூட்டேன் அதைப் போல ரெண்டு மடங்கு கனம், அதனால மேல போகாது, தரையோட படுத்துக் கிடக்கும். லீக் வாசம் வந்தா கதவைத் தொறந்து போடு, சுவிட்சைத் தொடாதேன்னு சொல்லுறதோட சேர்த்து, வாசப்படி வழியா கீழாக்கல காஸ் வெளிய போகணும்னு எதுக்கு சொல்லுறோம்னு பிள்ளைக்கு இந்தக் கணக்குலயே புரியும்.

அடர்த்திக்கு இதே சமன்பாட்டை பிஎம் = டிஆர்டின்னு மாத்தி எழுதுவாங்க, முதல் டி அடர்த்தி, கடைசி டி வெப்பநிலை, எம் மோலார் நிறை. இதுக்கு நம்ம மாவட்டத்தை விட நல்ல உதாரணம் எங்க கிடைக்கும், ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பஸ்ல போற எந்தப் பிள்ளையும் கரண்ட் எடுக்கிற காத்தாடி பாக்காம போயிருக்காது. காத்தாடிக்கு கிடைக்கிற பவர் காத்தோட வேகத்தைப் பொறுத்ததுன்னு எல்லாருக்கும் தெரியும், காத்தோட அடர்த்தியையும் பொறுத்ததுன்னு தெரியாது. 15 டிகிரியில கடல் மட்டத்துல ஒரு கன மீட்டர் காத்து 1.225 கிலோ, இதைத்தான் பொதுவா எடுத்துக்குவாங்க. நம்ம ஊரு 30 டிகிரிக்கு போட்டா 1.165 கிலோதான், சுமார் 5 சதவீதம் கம்மி, அதே வேகத்துல அடிக்கிற காத்துல பவரும் அதே அளவுக்கு கம்மி. இப்படி ஒரு கேள்வி எந்த கைடுலயாவது இருக்கா? அங்க இருக்கிறதெல்லாம் எங்கயோ ஒரு பலூன், யாருக்கோ ஒரு ஃபிளாஸ்க். ஆறு மீட்டர் நீளம் அஞ்சு மீட்டர் அகலம் மூணு மீட்டர் உயரம் உள்ள கிளாஸ்ரூம்ல இருக்கிற காத்து எத்தனை கிலோன்னு கேட்டுப் பாருங்க, பிள்ளைங்க ஒரு கிலோ, ரெண்டு கிலோன்னு சொல்லும், கணக்கு போட்டா நூறு கிலோவுக்கு மேல வருது, அப்ப அதுங்க மேலயும் கீழயும் பாக்கிறதைப் பாக்கணும்.

குளச்சல், கடியபட்டணம் பக்கத்துல இருந்து வர்ற பிள்ளைங்களுக்கு பாயில் விதிக்கு பாறையில சிப்பி எடுக்க முங்குறவங்களைச் சொன்னா போதும். கடல்ல சுமார் 10 மீட்டர் முங்கினா அழுத்தம் ரெண்டு அட்மாஸ்பியர், மேல வச்சு இழுத்த 6 லிட்டர் மூச்சு அங்க 3 லிட்டரா சுருங்கும், மேல வரும்போது திரும்ப 6 ஆகும், அதுல நுரையீரல் அளவுக்கு மேல விரியுற ஆபத்து இல்ல. ஆனா ஆழத்துல டேங்க்ல இருந்தோ டியூப்ல இருந்தோ காத்து இழுத்துட்டு மூச்சை அடக்கிக்கிட்டே மேல வந்தா அந்த நெஞ்சு நிறைஞ்ச காத்து ரெண்டு மடங்கா விரியப் பாக்கும், நுரையீரல் தாங்காது. கடற்கரைப் பிள்ளைங்களுக்கு இது மார்க்குக்கு உள்ள விஷயம் இல்ல.

சமன்பாட்டுக்கு எல்லை இருக்குன்னும் சேர்த்தே சொல்லணும். மூலக்கூறுக்குன்னு ஒரு இடம் உண்டு, ஒண்ணை ஒண்ணு ஈர்க்கும், அதைக் கணக்குல எடுத்து 1873ல வான்டர்வால்ஸ் திருத்தம் கொண்டு வந்தார், 1910ல ஃபிசிக்ஸ் நோபல் வாங்கினார். அழுத்தம் ரொம்ப ஏறினாலோ, வாயு திரவமாகிற அளவுக்கு குளிர்ந்தாலோ பிவி = என்ஆர்டி கைவிட்டுடும். நம்ம லேப்ல, சாதாரண அழுத்தத்துல, 30 டிகிரியில ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் அது நல்லாவே ஒத்துவரும்.

22.7ன்னு ஒரு நம்பர் சில புத்தகத்துல வருதே, எது சரின்னு பெற்றோரும் கேக்காங்க. ரெண்டும் சரி. ஐயூபேக்ங்கிற உலக கெமிஸ்ட்ரி அமைப்பு 1982ல எஸ்டிபி, அதாவது திட்ட வெப்ப அழுத்த நிலைக்கு உள்ள அழுத்தத்தை ஒரு அட்மாஸ்பியர்ல இருந்து ஒரு பாருக்கு மாத்தினாங்க, பார் கொஞ்சம் கம்மி அழுத்தம், அதனால வாயு கொஞ்சம் கூட இடம் பிடிச்சு 22.7 ஆச்சு, பழைய அளவுல 22.4. நீட் எழுதப் போற பிள்ளை இந்த ரெண்டு நம்பரையும் மனப்பாடம் பண்ணி எது எதுக்குன்னு குழம்புறதை விட, கேள்வியில கொடுத்த அழுத்தத்தையும் டெம்பரேச்சரையும் எடுத்து அந்த ஒரு வரியில போட்டா முடிஞ்சது.

அதனால ஆசிரியர் அவர்களே, முதல்ல அந்த 2.24ஐ 2.46ன்னு திருத்தி ஒரு வரி போடுங்க, பேப்பர்லயே போட்டிருக்கே மிஸ்ன்னு என்கிட்ட சண்டை பிடிக்கிற பிள்ளைங்க இருக்காங்க. அப்புறம் மாணவர் பக்கத்துல கணக்கு கொடுக்கும்போது 27, 30, 33னு நம்ம ஊரு டெம்பரேச்சரை வச்சே கொடுங்க, விடையில டி = 303 கெல்வின்னு ஒரு வரி தனியா எழுதிக் காட்டுங்க, ஆருக்குப் பக்கத்துல அலகைப் போடுங்க. ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுக்கிற சார்மாரு, டீச்சர்மாரு இதைப் படிச்சா அவங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள், லேப் சுவர்ல ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, அன்னைக்கு என்ன காட்டுதோ அதை ரெக்கார்ட் நோட்டு முதல் வரியில எழுத வச்சுட்டு அப்புறம் சோதனையை ஆரம்பிங்க. 52 மில்லி வந்த பிள்ளைக்கு 52ன்னே மார்க் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு கெமிஸ்ட்ரி டியூஷன் டீச்சர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்